கை கொடுக்காத சம்பந்தி

கெனெஷ் நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.

அசான்குல் அதைப் பிடிக்கவில்லை. தன் கையை நெஞ்சில் வைத்து, "வாங்க சம்பந்தி" என்று ஒரு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான். அடுத்து நின்றவரின் கையைப் பிடித்து நன்றாகக் குலுக்கினார்.

முற்றத்தில் பேச்சு சட்டென்று அடங்கியது. கொச்கோர் மலையூர்ப் பக்கத்தில், நீட்டிய கையைப் பிடிக்காமல் விடுவதும் முகத்தில் துப்புவதும் ஒன்று. அதுவும் யாருக்கு? பெண் கொடுத்த சம்பந்திக்கு. அதுவும் எங்கே? பேரன் நடக்க ஆரம்பித்ததற்காக வைத்த விருந்தில்.

"பார்த்தீங்களா மரியாதையை?" புருல் தன் கணவர் கெனெஷின் காதில் சீறினாள். "இதுக்குத்தான் விடியக்காலையில கிளம்பி மலை ஏறி வந்தோமா?"

"விடு புருல்."

கெனெஷ் கையை மெல்லக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். உண்மையைச் சொன்னால், அவமானத்துக்கு முன்னால் அவருக்கு வந்தது நிம்மதிதான். அப்படி வந்ததே என்று அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டார்.

முடக்குவாதம். விரல் மூட்டுகள் காலையிலிருந்தே ஊதிக் கிடந்தன. வாசலில் இறங்கியதிலிருந்து ஆளாளுக்கு அவர் கையைப் பிடித்து நெரித்தார்கள். மலைக்காரர்களின் பிடி. ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். மூட்டு வலிக்குப் போடும் மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கி வைத்திருந்தது. கொழுப்பு வாடை பட்டாலே குமட்டும்.

இதெல்லாம் புருலுக்கு மட்டுமே தெரியும். வேறு யாருக்கும் தெரியவும் கூடாது. சின்னப் பெண் அய்சிரெக்கைக் கேட்டிருக்கும் வீட்டார் இதே விருந்துக்கு வந்திருந்தார்கள். அப்பனுக்கு இந்த வியாதி என்று தெரிந்தால், 'ரத்தத்திலேயே இருக்கும்' என்று சொல்லி எழுந்துவிடுவார்கள். லாரி ஓட்டுவதை நிறுத்தியதற்குக்கூட, "அலுத்துப் போச்சுப்பா" என்றுதான் ஊரில் சொல்லிவைத்திருந்தார். அலுப்பு என்னவோ நிஜம்தான்.

இறைச்சி வந்தது.

யாருக்கு எந்த எலும்பு என்பதில்தான் அங்கே மரியாதையே இருக்கிறது. சம்பந்திக்கு இடுப்பெலும்பு, மேலே தடிமனாகக் கொழுப்போடு. மறுக்க முடியாது. எப்படி விழுங்கப் போகிறோம் என்ற கவலையிலேயே கெனெஷ் உட்கார்ந்திருந்தார்.

இடுப்பெலும்பு அவரைத் தாண்டி அடுத்தவர் தட்டுக்குப் போனது. கெனெஷ் முன்னால் ஒரு கிண்ணத்தை வைத்தார் அசான்குல். குழந்தைகளுக்குக் காய்ச்சிய அரிசிக்கஞ்சி.

"என்ன அசான்குல், உன் ஆட்டுக்கு இடுப்பே கிடையாதா?" ஒருவர் கேட்க, நாலு பேர் சிரித்தார்கள்.

அசான்குல் சிரிக்கவில்லை. "இருக்கு. போன தடவை இவங்க வீட்டுக்குப் போனப்ப எனக்குக் கழுத்தெலும்பு வச்சாங்க. கழுத்தெலும்பு வச்சவருக்குக் கஞ்சியே அதிகம்."

பச்சைப் பொய். அன்று எல்லாவற்றிலும் பெரிய மரியாதையான ஆட்டுத் தலையையே அவர் முன்னால் வைத்து உபசரித்திருந்தார்கள்.

"எழுந்திருங்க. இனிமே ஒரு நிமிஷம் இங்க இருக்கக் கூடாது" என்றாள் புருல்.

"பேரன் நடக்கறதப் பார்த்துட்டுப் போலாம்."

சண்டை போடக் கெனெஷிடம் தெம்பில்லை. கிண்ணத்தை இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துத் தூக்கிக் குடித்தார். இளஞ்சூடாக இறங்கியது. எதைப் போட்டாலும் எரியும் வயிறு, அன்று பேசாமல் வாங்கிக்கொண்டது. அதுகூட அவருக்கு எரிச்சலாக இருந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த அய்சிரெக்கின் வருங்கால மாமனார், அசான்குலைப் பார்த்து முகம் சுளித்தார். "அற்பன்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

பேரன் நாலு எட்டு நடந்து, விழுந்து, மறுபடி எழுந்தான். எல்லோரும் கைதட்டினார்கள். கெனெஷ் தட்டுவதுபோல் பாவனை செய்தார்.

கிளம்பும்போது அசான்குல் வண்டிவரை வந்தார்.

"இன்னும் என்ன பாக்கி?" புருல் வெடித்தாள். "எந்த வாயால கழுத்தெலும்புன்னு சொன்னீங்க? நான் என் கையால ஆட்டுத் தலை எடுத்து வச்சேனே!"

"வச்சீங்க. மறக்கல." அசான்குல் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சம்பந்தி, காலையில நீங்க வண்டிக் கதவை முழங்கையால தள்ளித் திறந்தீங்க. என் தம்பியும் அப்படித்தான் திறப்பான். யாராவது கை குலுக்கினா அன்னிக்கு ராத்திரி அவனுக்குத் தூக்கம் கிடையாது. மாத்திரை வேற வயித்தைத் தின்னுடுச்சு. கஞ்சி ஒண்ணுதான் இறங்கும்."

புருல் கணவரின் விரல்களைப் பார்த்தாள்.

கெனெஷ் சம்பந்தியின் பக்கம் திரும்பினார். "அதுக்காக இப்படியா? 'உடம்புக்கு முடியல'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"யார் முன்னாடி? உங்க சின்னப் பொண்ணக் கேட்டு வந்திருக்காங்களே, அவங்க முன்னாடியா?"

"இனிமே ஊரே உங்களை அற்பன்னு பேசுமே!"

அசான்குல் அவருக்காக வண்டிக் கதவைத் திறந்துவிட்டார்.

"பேசிட்டுப் போகட்டும் சம்பந்தி. கட்டிக்கொடுக்க என் வீட்ல பொண்ணு யாரும் இல்லையே."