டோக்கன் நாற்பத்தொன்று, நாகர்கோவில்

போன வருஷம் லண்டன் இங்கிலீஷ் கேட்டார்கள், இந்த வருஷம் அமெரிக்க இங்கிலீஷ். எதுவானாலும் ஊர்ப்பேச்சு ஒட்டக்கூடாது என்று, அந்தக் கால் சென்டர் வாசலிலேயே காவலாளி தணிகாசலம் அதைக் கழற்றி வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுத்துவிடுவார். வேலை முடிந்ததும் திருப்பித் தருவார். கோயில் வாசலில் செருப்பு மாறுகிற மாதிரி ஒருநாள் பிரிஸ்காவின் நாகர்கோவில் பேச்சு மாறிப்போனது.

"அவசரத்துல யாரோ மாட்டிட்டுப் போயிட்டாங்கம்மா. மிச்சம் இந்தக் கோயமுத்தூர்தான் இருக்கு. நல்லாத்தான் இருக்கு, இன்னிக்குப் போட்டுக்கோ."

பஸ் ஸ்டாப்பில் நின்று அம்மாவுக்கு போன் செய்தாள். நாள் முழுக்க முகம் தெரியாதவர்களிடம் இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டவளுக்கு, அம்மா ஒரு தடவை 'மக்ளே' என்று கூப்பிட்டால் போதும்.

"அம்மா, நாந்தானுங்க."

"நீங்க யாரு? எம் மவ இப்பந்தான் பேசிட்டு வச்சா. பஸ் ஏறிட்டாளாம். நெத்தோலி வாங்கிக் கொழம்பு வைக்கச் சொன்னா."

அந்தப் பக்கம் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. பிரிஸ்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"எனக்கும் கொஞ்சம் எடுத்து வைக்கறீங்களாங்க?"