காற்றுக் குழாய்

மத்தியானத் தூக்கம் கலைந்ததும் அவள் முதலில் தேடியது கணவரின் மணிக்கட்டைத்தான்.

அவருக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்த நாளிலிருந்து வந்த பழக்கம். நாடியைத் தொட்டுப் பார்க்காமல் அவளுக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூட இறங்காது. பிணத்தை அறுத்துப் பாடம் எடுக்கிற கையை என்மேல் வைக்காதே என்று அவர் கேலி செய்வார். செய்துகொண்டே கையை நீட்டியும் கொடுப்பார்.

இன்று விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை.

இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். காதுக்குள் காற்று இரைந்ததே தவிர, துடிப்பு இல்லை.

காலை வகுப்பு ஞாபகம் வந்தது. மேஜையில் கிடந்த உடலில் 'ஆர்ட்டரி' என்கிற ரத்தக் குழாயை வெட்டிக் காட்டி, மாணவர்களுக்கு அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்லியிருந்தாள். பழைய கிரேக்கர்கள் மூச்சுக்குழாய்க்கு வைத்திருந்த பெயர் அது. செத்த உடல்களைத் திறந்து பார்த்தவர்களுக்கு இந்தக் குழாய்கள் வெறுமையாகத் தெரிந்தன. இவற்றிலும் காற்றுதான் ஓடுகிறது என்று நம்பி அதே பெயரை வைத்துவிட்டார்கள். பாவம், கேட்க வேண்டியது உயிரோடு இருப்பவர்களை அல்லவா என்று அவள் சொன்னதும் வகுப்பே சிரித்தது.

இப்போது அந்தச் சிரிப்பு அவளைச் சுட்டது.

அவர் புரண்டு படுத்தார். கண்ணைத் திறந்தார்.

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு.

"டீச்சரம்மா, எந்திரி. இன்னிக்குக் காப்பி உன் முறை."

பயமுறுத்திவிட்டீர்களே என்று அவள் கோபித்துக்கொண்டாள். அவர் காதில் வாங்கவில்லை. குறும்பு வந்துவிட்டால் அப்படித்தான்.

பழிக்குப் பழியாக, போர்வைக்குள் கிடந்த அவள் கையை வெளியே இழுத்து, அவளைப் போலவே முகத்தை வைத்துக்கொண்டு, இரண்டு விரலால் நாடி பிடித்தார்.

போர்வைக்குள்ளா கிடந்தது கை? அவர் மணிக்கட்டில் அல்லவா வைத்திருந்தாள்?

அவர் முகத்தில் குறும்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. விரலை இடம் மாற்றி வைத்தார். பிறகு கழுத்தில். பிறகு அவள் மார்பில் காதை வைத்தார்.

"ஏய்... வெளையாடாத."

விளையாடவில்லை என்று அவள் சொன்னாள். அந்த வார்த்தை உதட்டுக்கு வரவில்லை. கழுத்து வழியாக, கை வழியாக, விரல் நுனிவரைக்கும் குளிர்ந்த காற்றாக ஓடியது.

கிரேக்கர்கள் விஷயத்தை அடுத்த வகுப்பில் திருத்திச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.