பாசஞ்சர் நிற்க வேண்டிய ஊர்

அந்தச் சின்ன ஊர் ரயிலால் பிறந்த ஊர். கரி என்ஜின்கள் அங்கே தண்ணீர் பிடிக்க நின்றன. நின்ற இடத்தில் ஒரு டீக்கடை வந்தது, டீக்கடையைச் சுற்றி ஊர் வந்தது. பிறகு பாதி ஜனம் அதே ரயிலேறிப் பிழைக்கப் போய்விட்டது. மிச்சமிருக்கும் ஆட்களுக்காகப் பாசஞ்சர் ரயில் இனியும் அங்கே நின்று போக வேண்டுமா என்று பார்க்க ஓர் அதிகாரி வருவதாகப் பேச்சு அடிபட்டது.

பிளாட்பாரத்து நாய் செவலையின் காதிலும் அது விழுந்தது. ரயில் நின்றால்தானே பிஸ்கட்? மூத்த வெள்ளாடு கொம்பியிடம் ஓடியது.

"அக்கா, உன் கூட்டத்தைக் கூட்டிக்கிட்டு ஸ்டேஷனுக்கு வா. தலை எண்ணப் போறாங்க."

"ஆட்டுத் தலையையுமா எண்ணுவாங்க?"

"ஏன், நாமும் இந்த ஊர்தானே?"

அதிகாரி வந்து இறங்கியபோது ஆடுகள் ஸ்டேஷன் பூந்தொட்டிகளை மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றை விரட்ட ஊரே குச்சியோடு ஓடி வந்தது.

"அடேயப்பா, இவ்வளவு கூட்டமா! ரயில் நிற்கட்டும்" என்று சொல்லிவிட்டு அதிகாரி போனார்.

செவலை நெஞ்சை நிமிர்த்தியது. "பார்த்தியா அக்கா, நம்மையும் எண்ணிட்டாங்க!"

கொம்பி முதுகைச் சுவரில் உரசிக்கொண்டது. "ஆமாம் தம்பி. எனக்கு நல்லா எண்ணி எண்ணித்தான் போட்டாங்க."