அன்புசெல்விக்கு வந்த எஸ்.எம்.எஸ்.

வைத்திக்குப்பத்தில் மீன் விற்கும் ரஞ்சிதத்துக்கு, பிளஸ் டூ படிக்கும் மகள் அன்புசெல்வியின் போன்தான் பெரிய கவலை. எஸ்.எம்.எஸ். வரும்போதெல்லாம் மகள் தனியாகச் சிரிப்பாள். பிறகு போனை அலமாரி மேலேயே போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விடுவாள்.

எடுத்துப் பார்த்தால் எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. ரஞ்சிதத்துக்கு ஒன்றும் விளங்காது.

"பக்கத்து வூட்டுல காட்டிப் படிக்கச் சொல்லேன்க்கா" என்றாள் தங்கை.

"வயசுப் பொண்ணு சமாச்சாரம்டி. ஊரான் கண்ணுல படலாமா? நானே படிச்சுக்கறேன்."

மகளுக்குத் தெரியாமல் தினமும் சாயங்காலம், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் அமிர்தவல்லி டீச்சர் வீட்டுக்குப் போய் ஏ, பி, சி, டி கற்றாள்.

"என்னம்மா திடீர்னு?" என்று டீச்சர் கேட்டதற்கு, "பேங்க்குல கையெழுத்துப் போடத்தான்" என்று சமாளித்தாள்.

மூன்று மாதம் கழித்து, மகள் குளிக்கப் போன நேரத்தில் புதிதாக வந்த எஸ்.எம்.எஸ்ஸைத் திறந்தாள். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். மெல்ல எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"அன்பு, உன் திட்டம் பலிச்சிடுச்சு. நீ எவ்வளவு கெஞ்சியும் படிக்க வராத உங்கம்மா, இப்ப ஒருநாள்கூடத் தவறாம வர்றாங்க. போனை அவங்க கண்ணுல படுற மாதிரியே வை. அமிர்தவல்லி டீச்சர்."

"அடிக் கள்ளி!"

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நிற்பதற்குள், ரஞ்சிதம் பொத்தான்களைத் தேடித்தேடி அழுத்திப் பதில் அனுப்பிவிட்டு, வந்ததையும் அனுப்பியதையும் அழித்தாள்.

"நாளைக்கும் வருவேன் டீச்சர். நான் படிச்சது அன்புக்குத் தெரிய வேணாம். ரஞ்சிதம்."