கறிக்கு எடுத்த மீன்

ஏலம் தொடங்கப் போகிறது. இன்னும் யாரும் கறிக்கு மீன் எடுக்கவில்லை.

அவன் ஓரக்கண்ணால் பார்த்தான். ஒரே படகில் போய் வந்தவர்கள், மீனைத் தவிர எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டாளி சிலுவை, வலையில் இல்லாத கிழிசலைத் தேடிக்கொண்டிருந்தான்.

ஏலத்துக்கு முன்னால் ஆளுக்கொரு மீன் வீட்டுக்கு. இந்தக் கரையின் வழக்கம். நல்ல மீனுக்காக அடித்துக்கொண்டவர்கள்தான் எல்லோரும்.

ஒரு வாரமாக அவன் எடுப்பதுபோல் எடுத்து, யாரும் பார்க்காதபோது குவியலிலேயே போட்டுவிடுகிறான். கண்டுபிடித்துவிட்டார்களோ?

ஆலைக்காரன் கடலுக்குள் குழாய் இறக்கியதிலிருந்து, மீனை அறுத்தால் சில நாள் மண்ணெண்ணெய் வாடை. அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் விலை விழும்.

சிலுவையின் தங்கைக்குப் பிள்ளை தங்கவில்லை. மீனால்தான் என்று யாரும் சொல்லவில்லை. மீனால் இல்லை என்றும் சொல்லவில்லை.

ஏலக்காரர் வந்தார். குவியலைப் பார்த்தார். பிறகு அவர்கள் கைகளைப் பார்த்தார். அவனிடம் வந்து நின்றார்.

“என்னடே, கறிக்கு ஒண்ணும் எடுக்கலையா? ஒம் பொண்டாட்டி வாயும் வயிறுமா இருக்கால்லா?”

இப்போது எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். பாவிகள்.

அவன் குனிந்து பெரிய விளைமீன் ஒன்றை எடுத்தான். சிரிக்கவும் செய்தான். மற்றவர்களும் ஆளுக்கொன்று எடுத்தார்கள்.

ஏலக்காரர் முகம் தெளிந்தது. ஏலம் சூடாகவே போனது.

வீட்டில் அவளுக்கு ஏழாம் மாதம். மீன் இல்லாமல் சோறு இறங்காது. நேற்றும் கேட்டாள். வலையில் ஒன்றும் படவில்லை என்று பொய் சொன்னான்.

வீட்டுப் பாதையை விட்டுச் சவுக்குத் தோப்புக்குள் திரும்பினான். பின்னால் யாரும் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டான். மீனைப் புதைக்க மண்டியிட்டு மணலைத் தோண்டினான்.

விரலில் செதில் தட்டியது.

மீன். முழு மீன். அழுகத் தொடங்கியிருந்தது.

ஓரடி தள்ளித் தோண்டினான். அங்கேயும் ஒன்று.

வேறொரு மரத்தடியில் தோண்டினான்.

அவனுக்குப் பயம் வந்தது. புயலில் படகு கவிழ்ந்தபோதுகூட இப்படி வந்ததில்லை.

பின்னால் சருகு நொறுங்கியது. சிலுவை நின்றான். அவனைக் கண்டதும் கையிலிருந்த மீனை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.



கரையில் ஐஸ் வண்டி உறுமியது. மீன் பட்டணத்துக்குப் போகிறது. அங்கே எத்தனை பிள்ளைத்தாய்ச்சிகள் குழம்புக்குப் புளி கரைத்து வைத்திருக்கிறார்களோ.

அவன் எழுந்தான். விளைமீனின் செவுளில் விரலை மாட்டித் தூக்கிக்கொண்டான். ஏலக் கொட்டகையைப் பார்த்து நடந்தான்.

“வேண்டாம்டே, சொல்லாத. நாளைக்கு என்னத்த விப்ப?” என்றான் சிலுவை.

அவன் நடையை எட்டிப் போட்டான்.

சிறிது நேரத்தில் பின்னால் காலடி கேட்டது. தடுக்க வருகிறானா, கூட வருகிறானா, தெரியவில்லை.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.