ஸ்கோடா என்றால் என்ன அர்த்தம்?

மாப்பிள்ளை எதை வாங்கினாலும் நொட்டை நொள்ளை சொல்லாவிட்டால் மாமனாருக்குச் சாப்பாடு இறங்காது. போன வாரம் வந்த புது ஸ்கோடா மட்டும் தப்புமா என்ன!

"மாப்ளே, செக் பாஷையில ஸ்கோடான்னா சேதம்னு அர்த்தமாமே?"

ஆரம்பித்துவிட்டாரே என்று மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

"மாமா, அது அந்தக் கம்பெனியை வளர்த்த என்ஜினியரோட குடும்பப் பேரு. அந்தப் பேரோடயே அவர் ஓஹோன்னு வரலையா?"

"அப்போ கார் மேல தப்பே இல்லேங்கறீங்க?"

"துளிகூட இல்ல மாமா."

"அதையேதான் நானும் சொல்றேன்" என்ற மாமனார், சட்டைப் பையிலிருந்து கார் சாவியை எடுத்து மெதுவாக மேசைமேல் வைத்தார்.

"இந்த வாசல் கேட்டைத்தான் மாப்ளே, ரொம்பக் குறுகலா வச்சிருக்கீங்க."