இரவல் பை

கொல்லிமலைச் சந்தையைப் பனிமூட்டமாய் மஞ்சு மெல்ல மூடிக்கொண்டிருந்தது. மிளகுக்கடை முருகானந்தத்தின் கண்கள் பாதையிலேயே கிடந்தன.

பிளாஸ்டிக் கவர் தருவதில்லை என்று அவன் உறுதிபூண்டபின் பலர் கடை மாறினர். கோகிலா டீச்சர் மாறவில்லை. வாரந்தோறும் வெறுங்கையோடு வந்து, அவனுடைய துணிப்பையை இரவல் பெற்றுச் சென்று, மறுவாரம் திருப்பித் தந்தாள். இடைப்பட்ட நாட்களை அவன் கனவாகவே கடந்தான்.

இன்றும் வந்து பையை நீட்டினாள்.

"சேந்தமங்கலத்துக்கு மாத்தல் வந்துடுச்சுங்க. இன்னிக்கே கிளம்பறேன்."

அவன் காலடியில் மலையே சரிந்தாற்போலிருந்தது. மிளகை அந்தப் பையிலேயே இட்டுக் கொடுத்தான்.

"இதை நீங்களே வெச்சுக்குங்க டீச்சர். திருப்பித் தர வேண்டாமுங்க."

அவள் தன் கைப்பையைத் திறந்து, மடித்த துணிப்பை ஒன்றை எடுத்தாள்.

"இது ஏதுங்க?"

"என்னோடதுங்க. மொத நாள்ல இருந்தே இந்தக் கைப்பைக்குள்ளதான் இருக்கு."

அதை அவன் கையில் வைத்தாள்.

"இரவல்தான் தரேன். அடுத்த வாரம் சேந்தமங்கலத்துக்குக் கொண்டாந்து குடுத்துடுங்க."

மஞ்சுக்குள் அவள் சிரிப்பு கரைந்து போயிற்று.

மறுவாரச் சந்தையில் மிளகுக்கடை திறக்கவில்லை.